முதலில் எர்த்தைப் பாருங்கள்



திருத்தங்கல் பக்கம் தண்ணீர் டிராக்டர் ஓட்டும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். டேங்கர் டிரெய்லரின் பின்னால் இருந்த பழைய டெயில் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினாராம். இனிமேல் தொடவே வேண்டியதில்லை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்களில் இடது பக்க லைட் போய்விட்டது. புதிது மாட்டினார். இப்போது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மங்கி மங்கி எரிகிறது; பள்ளத்தில் வண்டி இறங்கினால் அணைந்து எரிகிறது. லைட் டூப்ளிகேட்டா, எலெக்ட்ரீஷியன் வேலை சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நம் விருதுநகர் மாவட்டத்துச் சாலைகளில் இரவில் போய்வரும் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதால் இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் இண்டிகேட்டரை மாற்றவில்லை. அது இன்னும் பழைய 21 வாட் பல்புதான். 12 வோல்ட்டில் அந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. டெயில் லைட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. இரண்டுக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான்: டிரெய்லர் சேஸிஸில் முடுக்கியிருக்கும் எர்த் வயர். அந்த இடம் துருப்பிடித்து மூன்று ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. மட்டும் எரியும்போது அங்கே அரை வோல்ட் குறைந்தால் அதிகம், கண்ணுக்குத் தெரியாது. பழைய பல்பும் சேர்ந்து இழுக்கும்போது அதே இடத்தில் மூன்று, நான்கு வோல்ட் காணாமல் போகும். எல்.இ.டி.க்கு வந்து சேர்வது எட்டு வோல்ட் சொச்சம். பல்பு விட்டு விட்டு எரியும் தாளத்துக்கே டெயில் லைட் மங்குவது இதனால்தான். லைட் நல்ல லைட். வழிதான் கெட்டிருக்கிறது.

எல்.இ.டி. மாட்டினால் கோளாறு தீரும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குறைந்த கரண்டில் எரிவதால் கெட்டுப்போன வயரிங்கைக் கொஞ்ச காலம் அது மறைத்துவைக்கும். பழைய பல்பு மங்கலாக எரிந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். எல்.இ.டி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்து ஒருநாள் மொத்தமாக நின்றுவிடும்.

டிரெய்லர் லைட் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? வெளிநாடுகளில் இந்தத் தொல்லையை அதிகம் அனுபவிப்பவர்கள் சிறு படகு வைத்திருப்பவர்கள். காரின் பின்னால் படகு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு போய், சரிவில் அப்படியே பின்னோக்கித் தண்ணீருக்குள் இறக்கிப் படகை விடுவார்கள். சூடாக இருக்கும் பல்பு திடீரென்று குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கண்ணாடி விரிசல் விடும்; லைட்டுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீரையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கரையிலேயே பிளக்கைக் கழற்றிவிடுவது அவர்கள் பழக்கம். முழுக்க அடைத்த எல்.இ.டி. லைட்டுகளுக்கு அங்கே அவ்வளவு வரவேற்பு இருப்பதும் அதனால்தான். தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் ஃபைபர் படகை டிராக்டர் கட்டி மணலில் இழுக்கிறார்கள். கடல் உப்பால் அந்த டிராக்டர்களின் லைட்டும் இப்படித்தான் கெடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் படகு டிரெய்லர் ஏது என்று கேட்கலாம். நமக்குத் தண்ணீர் டேங்கர் இருக்கிறதே! ஆனைக்குட்டம் அணையும் வெம்பக்கோட்டை அணையும் வற்றிவிட்டால் டிராக்டர் டேங்கர்தான் தெருவுக்குத் தெரு போகிறது. நிரப்பும்போது மேலே வழிந்த தண்ணீர் பின்தகட்டில் இறங்கி லைட்டின் மேல்தான் ஓடும். வால்வு ஒழுகும். வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அது காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து, வயர் முனையில் பச்சையாகக் களிம்பு பூக்கும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறந்து அந்த ஈரத்தின் மேல் அப்பும். கடலுக்குள் இறங்காமலேயே நம் டேங்கர் டிரெய்லர், படகு டிரெய்லர் படுகிற பாடெல்லாம் படுகிறது.

சரி, என்ன செய்வது? புது லைட் வாங்கக் கிளம்பும் முன் நீளமாக ஒரு வயர் எடுங்கள். ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் பிடியுங்கள். மறு முனையை லைட்டின் எர்த் வயரில் நேரடியாகத் தொடுங்கள். லைட் சீராக எரிந்தால் லைட் மேல் பழியே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை லைட்டின் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு இருக்கிறது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பதுதான் முக்கியம். அணைத்துவிட்டு அளந்தால் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட நல்ல வயர் மாதிரியே காட்டும்.

பல டிரெய்லர்களில் எர்த்துக்கென்று தனி வயரே கிடையாது. கொக்கியும் பின்னும் இரும்புதானே, அது வழியே போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கொக்கியில் கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது, இழுக்கும்போது ஓரிடத்திலும் தள்ளும்போது வேறிடத்திலும் தொடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது லைட் அணைந்து எரிவதற்கு அதுவே போதும். ஆகவே எர்த்துக்குத் தனி வயர் இழுத்து பிளக்கின் எர்த் பின்னில் கொடுத்துவிடுங்கள். ஏழு பின் சாக்கெட்டில் ஐரோப்பிய வழக்கப்படி 3-ம் பின் எர்த், வெள்ளை வயர். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பும் பழுப்பும் இடது வலது டெயில் லைட். நம் பட்டறைகளில் கையில் கிடைத்த நிறத்தைத்தான் இழுப்பார்கள் என்பதால் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்பை நம்புங்கள்.

எர்த் முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு, வயர் முனையில் லக் என்ற உலோக வளையத்தை வைத்து முடுக்க வேண்டும். முடுக்கியபின் மேலே கிரீஸோ வாசலினோ பூசிவிட்டால் காற்றும் தண்ணீரும் அண்டாது. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் வெயிலில் டேப்பின் பசை ஒரு கோடைகூடத் தாங்காமல் இளகிக் கழன்றுவிடும். லக் வைத்து அமுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டால் பல வருடம் நிற்கும். செலவு சில ரூபாய்தான்.

எர்த் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் லைட்டையே பார்க்கலாம். சிவப்பு எல்.இ.டி. ஒவ்வொன்றும் சுமார் இரண்டு வோல்ட்டில் எரிவது. அதனால் மூன்று நான்கை வரிசையாகக் கோத்து 12 வோல்ட்டுக்கு ஏற்றபடி செய்கிறார்கள். ஒன்று செத்தால் அந்த வரிசை முழுவதும் அணையும். லைட்டில் மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்தாற்போல் இருட்டாகத் தெரிந்தால் உள்ளே ஒரு வரிசை போய்விட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். எல்.இ.டி. டையோடு என்பதால் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் எரியாது. டிராக்டர் 12 வோல்ட், பெரிய லாரி 24 வோல்ட். லாரிக்குரிய லைட்டை டிராக்டரில் மாட்டினால் எரியாது, அல்லது மினுக்கென்று எரியும். டிராக்டருக்குரியதை லாரியில் மாட்டினால் அன்றைக்கே போய்விடும். வாங்கும்போது அட்டையில் எத்தனை வோல்ட் என்பதையும் ஐ.பி. எண்ணையும் பாருங்கள். 65 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் தாங்கும். டேங்கருக்கு 67 கேட்டு வாங்குங்கள்.

வாசகரின் முதல் லைட் ஏன் போனது? அவர் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், நடுவில் ஒருமுறை டேங்கரின் பின்தகட்டில் ஓட்டை விழுந்து வெல்டிங் வைத்ததாக எழுதியிருக்கிறார். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை எங்கோ தள்ளி மாட்டினால், அந்தக் கரண்ட் லைட்டின் வயர் வழியாகவும் வழி தேடும். எல்.இ.டி. அதைத் தாங்காது. டிரெய்லரில் வெல்டிங் என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், லைட்டின் வயரையும் கழற்றிவிடுங்கள், கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினல் லூஸாக இருப்பதும் இப்படித்தான்: ஓடிக்கொண்டிருக்கும்போது அது விட்டுவிட்டால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் எகிறி லைட்டைப் பலி வாங்கும்.

இண்டிகேட்டரையும் எல்.இ.டி.யாக மாற்றினால் அது படபடவென்று வேகமாக அடிக்கத் தொடங்கும். பழைய ஃபிளாஷர் கரண்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. கரண்ட் குறைந்ததும் பல்பு போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறது. இதற்கு ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆறு ஓம் ரெசிஸ்டர் இரண்டு ஆம்பியர் இழுத்து இருபத்து நான்கு வாட் சூட்டைக் கக்கும். கை வைக்க முடியாது. பட்டாசும் தீப்பெட்டியும் காகிதமும் ஏற்றும் வண்டிகள் ஓடுகிற ஊரில் அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எல்.இ.டி.க்கென்றே எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் கிடைக்கிறது, அதை மாற்றிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சரக்கு ஏற்றிய வண்டியில் லைட் வேலையே கூடாது. வயரை உரசிப் பொறி பார்ப்பது அறவே வேண்டாம். வயரை இணைப்பது, சால்டரிங் வைப்பது, எதுவாக இருந்தாலும் லோடு ஏற்றுவதற்கு முன், குடோனை விட்டு விலகி, பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான். நம் ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவசரம் என்று ஒன்று இருக்கிறதே.

இந்த ஆடி மாதத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் சிவகாசி அச்சகங்கள் இரவும் பகலும் ஓடும். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் பைக்கில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடக்கிறார்கள். தீபாவளி லோடு லாரிகளும் சாத்தூர் வழியாக நாற்கரச் சாலையைப் பிடிக்க வரிசை கட்டும். இவ்வளவு பேரும் போகிற சாலையில் கறுப்பாக, விளக்கில்லாமல், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டிரெய்லர் போகிறது. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது பைக்கில் வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. டெயில் லைட் ஓட்டுகிறவருக்குப் பயன்படுகிற பொருளே இல்லை. அது எரிகிறதா என்று அவர் இருக்கையிலிருந்து பார்க்கவும் முடியாது. பின்னால் வரும், முகம் தெரியாத ஒருவருக்காக மட்டுமே அதை மாட்டுகிறோம். அந்த ஒருவர் நம் வாசகராக இருக்கலாம், அவர் வீட்டில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எல்.இ.டி.யின் பக்கம் நானும் இருப்பதற்கு ஒரு காரணம் பின்னால் வருகிற அந்த ஒருவர்தான். பிரேக் லைட்டில் பழைய பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சம் தருவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், எல்.இ.டி. பிரேக்கை மிதித்த கணமே எரியும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அந்த இடைவெளி மூன்று மீட்டருக்கும் மேல். ஒரு பைக்கின் நீளத்தைவிட அதிகம். காசு கொடுத்து வாங்கத் தகுந்த மூன்று மீட்டர் அது.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவழியில் லைட் போகலாம். அதனால் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கரைக் கட்டாயம் ஒட்டுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. அதற்கு வயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் வெளிச்சத்தையே அவருக்குத் திருப்பி அனுப்பும். தகட்டைக் கழுவித் துடைத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினால்தான் பிடிக்கும். டேங்கரில் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் புழுதியைத் துடைத்துவிடுங்கள்.

திருத்தங்கல் வாசகருக்கு: கொக்கியை நம்பாமல் எர்த் வயர் தனியாக இழுங்கள். பிறகு பொழுது சாய்ந்ததும் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இண்டிகேட்டரையும் போடச் சொல்லி, நீங்கள் வண்டிக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி நின்று பாருங்கள். டெயில் லைட் அசையாமல் எரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அப்போதும் மங்கினால் வயரிங்கை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். சாத்தூர், சிவகாசிப் பட்டறைகளில் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர்கள் நம் வாசகர்களாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்