பள்ளித் தோட்டம்: சமையலுக்கு மட்டும்தானா, பாடத்துக்கும்தானா?

இளம்பிள்ளை என்றால் சேலைதான் ஞாபகத்துக்கு வரும். தறிச் சத்தத்துக்கும் சாயத்துக்கும் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பாடம் நடத்த ஆய்வகமே வேண்டியதில்லை. பள்ளியில் ஒரு செம்பருத்திச் செடி போதும். பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும்; சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். 'அப்போ சாயத் தண்ணி?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சுற்றுச்சூழல் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்திலேயே கஞ்சமலை, இரும்புத் தாதுக்கும் மூலிகைக்கும் பேர்போனது. பாத்தி மண்ணில் காந்தத்தைப் புரட்டி, கருந்துகள் ஒட்டுகிறதா என்று பார்த்தால் அது புவியியல். செடிக்குச் செடி இடைவெளி அளந்தால் கணக்கு.

இதற்குத் திட்டம் இருக்கிறதா?

இருக்கு. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2019 அக்டோபரில் வெளியிட்டது. மதிய உணவுத் திட்ட நிதியில் தோட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 5,000 ரூபாய். நிலம் இல்லாத பள்ளிகள் தொட்டி, பழைய டின்னில்கூட வளர்க்கலாம். சத்துக் குறைபாட்டைப் போக்குவதோடு, இயற்கையுடன் நேரடி அனுபவம் தருவதும் இதன் நோக்கம்.

அப்புறம் என்ன சிக்கல்?

பணம் சமையலறை வழியாக வருகிறது. அதனால் எத்தனை கிலோ கீரை என்பதற்குக் கணக்கு இருக்கும். எத்தனை பாடவேளை என்பதற்கு இருக்காது. எம்.சி.மேத்தா வழக்கில் 1991-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, பெரும்பாலும் புத்தகத்துக்குள்.

தமிழ்நாட்டில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க, 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. அந்தச் சோதனைகளில் சிலவற்றைத் தோட்டத்தில் வைத்தால் தனி நிதி, தனி உத்தரவு எதுவும் வேண்டாம்.

எப்போது விதைப்பது?

நாள்காட்டியும் ஒத்துழைக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து, மண்ணைத் தயார் செய்தால் ஜூலை நடுவில் ஆடிப்பட்டம். அப்போது போட்ட வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே அறுவடை!

மே மாதம்தான் வில்லன். சேலத்து வெயிலில், பூட்டிய பள்ளியில் யார் தண்ணி ஊத்துவாங்க? கோடைக்கு முன்பே காய்கறிப் பாத்தியை முடித்துவிட்டு, வேர் பிடித்த முருங்கை, கறிவேப்பிலையை மட்டும் விட்டுவைக்கலாம். வாரம் இரண்டு குடம் தண்ணீருக்குப் பெற்றோரிடம் முறை வைத்துக் கேட்கலாம். தொடக்கத்திலேயே இதைப் பேசாத தோட்டம், ஜூனில் மறுபடி முதல் பாத்தியிலிருந்துதான் தொடங்கும்.