அடைக்கலமும் அந்தஸ்தும்

ருஷ்யப் படைகள் 2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரேன் மீது பாய்ந்தபோது, கைக்குழந்தைகளுடன் எல்லையைக் கடந்து வந்த ஸ்திரீகளையும் வயோதிகர்களையும் ஐரோப்பிய தேசங்கள் வரவேற்ற விதம் பாராட்டத்தக்கது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. எட்டே நாட்களில், மார்ச் 4-ந் தேதியன்று, ஐரோப்பிய யூனியனின் மந்திரிகள் சபை, 2001-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு ஒரு முறைகூட உபயோகிக்கப்படாதிருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி, வந்தவர்கள் தனித்தனியே விசாரணைக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. யுத்தத்தினால் இடம்பெயர்ந்த உக்ரேன் பிரஜை என்று ருஜுவானால் போதும். வசிக்க அனுமதி, வேலை செய்யும் உரிமை, இருப்பிடம், வைத்திய உதவி, குழந்தைகளுக்குப் படிப்பு எல்லாம் கிடைக்கும். சுமார் 43 லட்சம் பேர் இந்த நிழலில் தங்கியிருக்கிறார்கள். 2015-ல் ஸிரியாவிலிருந்து அகதிகள் வந்தபோதும் இதே சட்டம் ஏட்டில் இருக்கத்தான் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க அன்று ஒருவரும் முன்வரவில்லை. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும், ஒருவருக்கு மறுத்த நியாயத்தை மற்றொருவருக்கு வழங்கினார்களே என்று இப்போது சண்டை பிடிப்பது நமது நோக்கமன்று.

நமது கேள்வி வேறு. சட்டத்தின் முன் இவர்கள் யார்? இவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி அகதிகளே அல்லர் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். 1951-ம் வருஷத்து ஜினீவா ஒப்பந்தம், இனம், மதம், தேசீயம், சமூகப் பிரிவு, ராஜீயக் கொள்கை ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்துடன் அஞ்சுகிறவரையே அகதி என்கிறது. குண்டு விழுந்து வீடிழந்தவள் இந்த இலக்கணத்தில் தானாக அடங்கமாட்டாள். உக்ரேனில் தற்காலிக அனுமதி பெற்று வசித்த அயல் தேசத்தாரின் கதியோ இன்னும் மோசம். நம் நாட்டு வைத்திய மாணவர்களும் அவர்களில் சேர்ந்தவர்களே. அவர்கள் விஷயம் அந்தந்த அரசின் இஷ்டத்துக்கு விடப்பட்டது. உக்ரேன் பிரஜைகளுக்குக் கிடைத்திருப்பது 'தற்காலிகப் பாதுகாப்புப் பெற்றவர்' என்னும் ஸ்தானம். ஒரு வருஷத்துக்கு என்று ஆரம்பித்த அது, தவணை தவணையாக வளர்ந்து, 2025 ஜூலையில் 2027 மார்ச் 4 வரையில் நீட்டிக்கப்பட்டது. வருஷக் குத்தகை நிலத்தில் எந்தக் குடியானவன் தென்னங்கன்று நடுவான்?

இதைவிடக் கொடிய விஷயமொன்று சட்டப் புஸ்தகத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. ஐரோப்பிய யூனியனில் முறைப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்த அந்நியர், நீண்டகால வாசி என்னும் உறுதியான அந்தஸ்தைக் கோரலாம் என்பது 2003-ம் வருஷத்துச் சட்டம். ஆனால் அதன் 3-வது பிரிவு, தற்காலிகப் பாதுகாப்பில் வசிப்போருக்கு இது பொருந்தாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. அந்த ஸ்தானத்தில் இருக்கும் வரையில், எத்தனை வருஷம் வரி கட்டினாலும் மனுப் போடவே இடமில்லை. பிரிட்டனும் சளைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அங்கே ஆரம்பமான நீட்டிப்புத் திட்டத்தின் கீழ் கழியும் காலம் நிரந்தர வாசத்துக்கு எண்ணப்படமாட்டாது. காலம் ஓடுவதால் உரிமை அழிவதுண்டு, பிறப்பதும் உண்டு என்று காலாவதிச் சட்டத்தில் நாம் படித்திருக்கிறோம். காலம் ஓடியும் ஒன்றுமே ஆகாத விந்தையை அதில் நாம் கண்டதில்லை.

அந்தஸ்து உறுதியில்லாதபோது அன்னமும் உறுதியில்லை. ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் உக்ரேனியர்கள், வேலையற்ற ஜெர்மானியருக்குரிய உதவியையே பெற்று வந்தார்கள். 2025-ல் பதவியேற்ற கூட்டு மந்திரி சபையோ, அவ்வருஷம் ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பின் வந்தவர்களைப் புகலிடம் கோருவோர் திட்டத்துக்குத் தள்ளுவதென்று தீர்மானித்தது. 2025-ம் வருஷ விகிதப்படி, தனியாக வசிப்பவருக்கு மாதம் 563 யூரோவுக்குப் பதில் 441 யூரோ. வைத்தியமும் முதல் 36 மாதங்களுக்குப் பெரும்பாலும் திடீர் நோய்க்கும் வலிக்கும் மட்டுமே. மார்ச்சில் வந்த தமக்கைக்கு ஒரு நீதி, மே மாதம் வந்த தங்கைக்கு வேறொரு நீதி! அதே வருஷம் ஆகஸ்டில், 18 முதல் 22 வயது வரையுள்ள ஆண்கள் வெளியேறலாம் என்று உக்ரேன் சர்க்கார் அனுமதித்தபின் முணுமுணுப்பு இன்னும் வலுத்தது. போலந்தில் ஜனாதிபதி அகதிகள் மசோதாவில் கையெழுத்திட மறுத்தார்; பிறகு செப்டம்பரில் வந்த சட்டம், 800 ஜ்லாட்டி குழந்தைப் படியைப் பெற்றோரின் வேலையுடன் பிணைத்துவிட்டது. இத்தனைக்கும், 2024-ல் போலந்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2.7 விகிதம் உக்ரேனிய அகதிகளால் ஏற்பட்டது என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனத்துக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி கூறியிருக்கிறது.

நிரந்தர அந்தஸ்து கொடுத்தால் இவர்கள் ஊர் திரும்பமாட்டார்கள், பாழ்பட்ட உக்ரேனை யார் கட்டுவது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் போலந்தின் 2022-ம் வருஷச் சட்டத்தில், 30 நாட்களுக்கு மேல் வெளியே தங்கினால் ஸ்தானம் போய்விடும் என்று விதி இருந்தது. அப்படியிருக்க, இடிந்த வீட்டைச் செப்பனிட்டுப் பார்ப்போமென்று எவள் துணிந்து போவாள்? போனால் திரும்பி வரலாம் என்ற தைரியம் உள்ளவளே போவாள்.

2025 செப்டம்பரில் மந்திரிகள் சபை, தொழில், படிப்பு, குடும்பம் ஆகியவற்றுக்கான சாதாரண அனுமதிகளுக்கு இவர்கள் மாற வழி செய்யும்படி அங்கத்தினர் தேசங்களுக்கு யோசனை கூறியது. வேலையிலிருப்பவருக்கு அது உதவும். கார்க்கோவிலிருந்து வந்த எழுபது வயதுக் கிழவி எந்தத் தொழிலுக்கு மனுப் போடுவாள்? 2003-ம் வருஷச் சட்டத்தின் அந்த விலக்கை எடுத்துவிட்டு, தற்காலிகப் பாதுகாப்பில் கழிந்த வருஷங்களையும் முழுவதாக எண்ண வேண்டும். அனுமதி எதற்கும் தகுதியில்லாத வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் தனி ஷரத்து ஏற்படுத்த வேண்டும். 2027 மார்ச்சுத் தவணை நெருங்கும் வரை காத்திராமல் இவ்விரண்டையும் செய்யும்படி ஐரோப்பிய மந்திரிகளை நாம் வற்புறுத்துகிறோம்.