ஓடி முடித்த பின் வரும் இழுப்பு



ஜாக்கி ஜோய்னர் கேர்ஸி என்ற அமெரிக்கப் பெண்மணி 1988இல் சியோல் ஒலிம்பிக்கில், ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லனில் 7291 புள்ளிகள் பெற்றார். அச்சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. இவருக்குத் தொய்வு நோய் இருந்தது என்றால் நம்புவீர்களா?

லொஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவியாகக் கூடைப்பந்தாட்டமும் ஓட்டமுமாக இருந்த நாளில்தான் வைத்தியர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அவரோ பயிற்றுவிப்பாளர்களிடம் மறைத்தார். தெரிந்தால் ஓட விடமாட்டார்களே என்ற பயம்! மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. பிள்ளைகள் நம்மிடம் மறைப்பதும் பெரும்பாலும் இப்படித்தானே.

வேகமாக ஓடும்போது மூக்கு போதாமல் வாயால் மூச்சு வாங்குகிறோம். குளிர்ந்த, உலர்ந்த காற்று நேரே உள்ளே போய்ச் சுவாசக் குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இருமல், நெஞ்சிறுக்கம், விசில் போன்ற சத்தம் எல்லாம் அதனால்தான். ஓட்டம் நின்று ஐந்து, பத்து நிமிடம் கழித்தே இது உச்சத்துக்கு வரும். ஆகவேதான் பார்ப்பவர்கள் வெறும் களைப்பு என்று எண்ணிவிடுகிறார்கள்.

எண்ணிவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய விடயமல்ல இது. 2001 ஓகஸ்ட் 3ஆம் திகதி, நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் ரஷீதி வீலர், ஓட்டப் பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 22. அவருக்குத் தொய்வு இருந்தது முன்பே தெரிந்ததுதான்.

அதற்காக ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இக்குறை இருந்தது. அந்த 67 பேரும் சேர்ந்து 41 பதக்கங்கள் வென்றார்கள்!

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓடுவதற்குச் சுமார் பதினைந்து நிமிடம் முன் சல்பியூட்டமோல் பம்ப் இழுக்கச் சொல்வார். எடுத்த எடுப்பில் பாயாமல், மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிக்கொள்வதும் நல்லது. பம்ப் அடிக்கடி தேவைப்பட்டால் மீண்டும் அவரிடமே போங்கள். தினமும் எடுக்கும் வேறு மருந்து வேண்டியிருக்கலாம். மூச்சு முட்டினால் உடனே நின்று, நிமிர்ந்து உட்கார்ந்து பம்ப் இழுக்க வேண்டும். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்கவே கூடாது.

விளையாட்டு ஆசிரியையிடம் மகளின் நோயைச் சொல்லி, பம்ப் எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் காட்டி வையுங்கள்.