முதல் மூன்று பேருக்கு பாங்காக்

விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதம் 27-ஆம் தேதிதான் பிறக்கிறது. அதுவரை கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தவர்கள், அன்று முதல் டிஸ்ட்ரிபியூட்டரின் குடோனில் தவம் கிடப்பார்கள்.

“அண்ணே, இன்னும் அறுபதாயிரம்தான் குறையுது. பில்லை மட்டும் போட்டுக்குவோம். விக்கலேன்னா அடுத்த மாசம் நானே திருப்பி எடுத்துக்கிறேன்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்ன. நீ பாங்காக் போய்ட்டு வந்துட்ட தம்பி. பிஸ்கட் பெட்டி இன்னும் மூலையில கெடக்கு. எலிதான் தின்னுது.”

எந்த ஊர்க் குடோனிலும் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும்; பில் மட்டும் ஓடும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ரிட்டர்ன், கிரெடிட் நோட்டு என்று கணக்கு பின்னோக்கி நடக்கும். அதற்குள் விற்பனைப் போட்டியில் பரிசு வாங்கியவர் பாங்காக் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டிருப்பார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பில் தொகையை வைத்துத்தான் பரிசு என்று எழுதிக் கொடுத்தது தலைமை அலுவலகம். கேட்டதை அவர் கொடுத்தார். கடைக்காரர் ஷெல்ஃபிலிருந்து எத்தனை பாக்கெட் விற்றது என்று கேட்டிருந்தால், அதற்கும் ஓடியிருப்பார்.

இந்தப் போட்டிகளில் எனக்கு ஆகவே ஆகாத வாசகம், ‘முதல் மூன்று பேருக்கு’ என்பது. நாற்பது பேர் கொண்ட அணி என்று வையுங்கள். யார் அந்த மூவர் என்பது போட்டியை அறிவிக்கும் கூட்டத்திலேயே எல்லோருக்கும் தெரியும். போட்டி இல்லாவிட்டாலும் அவர்கள் விற்பார்கள். கடைசியில் இருக்கும் ஏழெட்டுப் பேர் அடுத்த வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருக்கும் முப்பது பேர் ஆளுக்குப் பத்து சதவீதம் கூட்டி விற்றாலே கம்பெனிக்கு மூன்று பாங்காக்கைவிட லாபம். ஆனால், அவர்கள் பத்தாம் தேதி வாட்ஸ்அப் குழுவில் வரும் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து, நமக்கு இல்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அதன்பின் அந்தப் பட்டியல் தினமும் அவர்களைச் சோர்வடையத்தான் வைக்கும்.

ஏரியா விஷயம் இன்னும் அநியாயம். தீபாவளி மாதத்தில் தி.நகரில் ஆர்டர் எடுப்பவரையும் ராமநாதபுரத்தில் கிராமம் கிராமமாக வண்டி ஓட்டுபவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். அவரவர் போன வருடம் இதே மாதம் விற்றதுதான் அவரவருக்கு அளவுகோலாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிய எல்லோருக்கும் பரிசு என்றால் நாற்பது பேரும் ஓடுவார்கள். ‘பட்ஜெட் எகிறிவிடுமே’ என்பார் நிதிப் பிரிவுக்காரர். கூடுதலாக விற்றதிலிருந்துதானே கொடுக்கிறோம் ஐயா!

போட்டி தப்பாக அமைந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. ஜனவரி பிறந்தால் அதற்கென்றே தனி விற்பனை இயக்கம். கிளை ஊழியர்கள் என்ன செய்வார்கள்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளையும் கிரெடிட் கார்டுகளையும் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியதாக வங்கியே சொன்னது. அடுத்த மாதம் தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ஃப் பதவி விலகினார். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கட்டி அரசுடன் வழக்கை முடித்துக்கொண்டார்கள். அங்கே கணக்கு, இங்கே பிஸ்கட் பெட்டி, அவ்வளவுதான் வேறுபாடு.

என்ன பரிசு கொடுப்பது என்று மேனேஜர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சம்பளக் கணக்கில் போடும் பணம் இஎம்ஐயோடு கரைந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு கிராம் தங்கக் காசு வீட்டம்மா கைக்குப் போகும்; அடுத்த போட்டிக்கு அவரே விரட்டி அனுப்புவார். டீலர்களுக்கு டூர் அறிவிப்பவர்கள் வரியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பரிசின் மதிப்பு வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பாங்காக் போய்த் திரும்பிய பிறகு அதைக் கேட்டால் டீலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அடுத்த சீசனுக்கு டார்கெட் போடும் மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். சின்னப் பரிசுகளை வாராவாரம் கொடுத்துவிடுங்கள். பெரிய பரிசை மட்டும் போட்டி முடிந்து இரண்டு மாதம் நிறுத்தி, ரிட்டர்ன் போக மிஞ்சியதை எண்ணிக் கொடுங்கள். இதை முதல் நாளே ஆட்களிடம் சொல்லிவிட்டால், 27-ஆம் தேதி குடோனுக்கு யாரும் போக மாட்டார்கள்.