சிரங்கின் சீழ் சிதம்பரம் வரை போகட்டும்

சித்திரை வெயில் ஏறியதும் பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேனல் கட்டியும் சிரங்கும் கிளம்பிவிடும். மாம்பழச் சூடு, பலாப்பழச் சூடு என்று பழத்தின் மேல் பழி போடுவோம். பழம் பாவம்! வியர்த்த தோலைச் சொறியும்போது உள்ளே இறங்குபவை ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள்.

அடுத்து மருந்துக் கடை. புண்ணைக் காட்டினால் அரை அட்டை மாத்திரையும் ஒரு களிம்பும் கைக்கு வரும். களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும், கிருமி அடங்காது. புண் வாடியதும் மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போய், அடுத்த பிள்ளைக்குக் காத்திருக்கும். சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற 'எச்1' விதி 2014 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் யார்?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் அப்படியல்ல. மெத்திசிலினுக்கு அடங்காத வகை 1961-லேயே பிரிட்டனில் தலைகாட்டியது. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் அந்த வகை இப்போது மருத்துவமனை வாசலைத் தாண்டி ஊருக்குள்ளும் இருக்கிறது. அதனிடம் அமாக்ஸிசிலினும் செஃபலெக்சினும் பலிக்காது.

எந்த மருந்து பலிக்கும் என்பதைச் சீழே சொல்லிவிடும். பஞ்சுக்குச்சியில் எடுத்த சீழிலிருந்து கிருமியை வளர்த்து, தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சிறு வட்டுகளை வைக்கிறார்கள். மறுநாள் எந்த வட்டைச் சுற்றிக் கிருமி போதிய அகலத்துக்கு முளைக்கவில்லையோ, அந்த மருந்து வேலை செய்யும். செஃபாக்சிடின் வட்டைச் சுற்றிய வெற்றிடம் 21 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அர்த்தம். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான்.

எல்லாச் சிரங்குக்கும் இது வேண்டியதில்லை. சிறு புண்ணுக்குச் சோப்புத் தண்ணீரும் மருத்துவர் சொன்ன களிம்பும் போதும். பழுத்த கட்டியைக் கீறிச் சீழை எடுப்பதே முதல் வைத்தியம். ஆனால் இப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாதம் சில மாதிரிகளாவது சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். இன்று நாம் நம்பியிருக்கும், கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறன் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனை நோயாளிகளுடையவை. தெருவில் விளையாடும் பிள்ளையின் கிருமி வேறாக இருக்கலாம். செலவைக் காரணம் சொல்ல முடியாது. காசநோய்ச் சளியை ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதே வழியில் சீழும் போகட்டும். எந்த மருந்து பலிக்கும் என்று அங்கிருந்து வரும் பட்டியலை வைத்து உள்ளூர் மருத்துவர் மருந்து எழுதட்டும்.

பெற்றோருக்கு ஒன்று: சிரங்கு ஆறிச் சில வாரம் கழித்துப் பிள்ளையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலோ, அது சிறுநீரகப் பாதிப்பாக இருக்கலாம். மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.