ஆக்ஸிமீட்டரில் 98, பிறகு எதற்கு ஆக்சிஜன்?

“சாச்சுரேஷன் 98 இருக்கே, இவருக்கு எதுக்கு ஆக்சிஜன்?” ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், இரவு இரண்டு மணிக்கு, என் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்கள். அண்ணனால் உட்காரவே முடியவில்லை. இடது கண் சிவந்து நீர் கொட்டியது. இமை பாதி சரிந்திருந்தது. அந்தப் பக்க மூக்கும் அடைத்துவிட்டது. நெற்றியை உள்ளங்கையால் அழுத்தியபடி சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கிளஸ்டர் தலைவலி.

கொரோனா காலத்துக்குப் பிறகு, மூச்சுத் திணறினால்தான் ஆக்சிஜன் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கிளஸ்டர் தலைவலியில் ஆக்சிஜனே மருந்து. குறையை நிரப்பக் கொடுப்பதல்ல. ஆக்ஸிமீட்டர் ஹீமோகுளோபின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். தூய ஆக்சிஜனை இழுக்கும்போது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பல மடங்கு கூடுவது அதில் தெரியாது.

“எல்லாம் மன ஆறுதல்” என்பவர்களுக்கு, 2009இல் வெளியான லண்டன் ஆய்வே பதில். ஒரு சிலிண்டரில் ஆக்சிஜன், இன்னொன்றில் வெறும் காற்று. எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம். ஆக்சிஜன் கொடுத்தபோது 78 சதவீத வலிகள் அடங்கின. காற்றில் 20 சதவீதம்தான். வெறும் ஆறுதல் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

“ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, வேறொன்றுமில்லை” என்பது பாதி உண்மை. குழாய் சுருங்குவது மெய்தான். ஆனால் முகத்து வலியைச் சுமக்கும் நரம்பு தூண்டப்பட்டால், மூளைத்தண்டு அனிச்சையாகவே கண்ணீரையும் மூக்கடைப்பையும் வரவழைக்கிறது. அண்ணனின் ஒற்றைக் கண்ணில் நான் பார்த்தது அதைத்தான். அதே 2009இல் எலிகளிடம் செய்த சோதனையில், மூளை உறையை நேரடியாகத் தூண்டியபோது வலி நரம்பணுக்களை ஆக்சிஜன் அசைக்கவில்லை. இந்த அனிச்சைப் பாதையின் வழியே தூண்டியபோது அடக்கியது. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் குழாயோடு கணக்கை முடித்துவிடுவது தவறு.

“கொடுத்துப் பார்த்தோம், கேட்கலை” என்றால், எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அன்று அண்ணனுக்கு வைத்தது மூக்குக் குழாயில் 2 லிட்டர். அது எப்படிக் கேட்கும்? பை தொங்கும் முகமூடி வேண்டும், 12 முதல் 15 லிட்டர் வேண்டும், அதுவும் வலி தொடங்கியவுடனே. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிலிண்டர் இருக்கும் அறையில் சிகரெட், விளக்கு, ஊதுபத்தி எதுவும் ஆகாது.

இப்போது நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சிலிண்டர் அண்ணனின் கட்டிலருகே நிற்கிறது. வலி வந்தால் முகமூடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் முன்பக்கம் குனிந்து உட்காருகிறார். உட்காருகிறார்!