அப்பாவின் கையிலிருக்கும் பை

பத்துமலைப் படிகள் 272. இளமையில் காவடி சுமந்து அவற்றை ஏறியவர் என் அப்பா. 2024 தைப்பூசத்தன்று வெறுங்கையோடு ஏறியவர் பாதி வழியில் நின்றுவிட்டார். "மூச்சு வாங்கலப்பா, தொடையிலதான் தெம்பு இல்ல" என்றார்.

வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது வயது 57தான். பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். இவ்விரண்டையும் நான் இணைத்துப் பார்க்கவேயில்லை.

இனிப்பு நீர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கண், சிறுநீரகம், காலில் ஆறாத புண். தசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உண்மையில், இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் தசை இன்சுலினின் சொல்லுக்கு முன்போல் கட்டுப்படுவதில்லை. நோய் நாள்பட நாள்படத் தசையின் அளவும் தரமும் குறைகின்றன. நரம்பும் பழுதானால் வலு மேலும் குன்றுகிறது. நீண்ட நேரம் நடக்கவும் ஏறவும் வேண்டிய தாங்குசக்தியும் தேய்கிறது.

70 முதல் 79 வயது வரையிலான அமெரிக்க முதியோரை மூன்றாண்டுகள் கவனித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, நீரிழிவு உள்ளவர்களின் கால் வலு மற்றவர்களைவிட விரைவாகக் குறைந்ததைக் காட்டியது. தசை சிறுத்ததால் மட்டும் இது நேரவில்லை. இருக்கும் தசையின் திறனும் குறைந்திருந்தது.

அப்பா ஒரு காலத்தில் பால்மரம் வெட்டி, காண்டாவில் வாளிகளைத் தூக்கி நடந்தவர். தோட்டத்தை விட்டு வந்தபின் பாதுகாவலர் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில். வீட்டுக்கு வந்தால் நாங்கள் ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. சந்தைப் பையை வாங்கிக்கொள்வோம். எரிவாயுத் தோம்பை நான் தூக்குவேன். "நீங்க உட்காருங்கப்பா" என்பதுதான் எங்கள் பாசம்.

அந்தப் பாசத்தைத்தான் நான் இங்கே குறை சொல்கிறேன். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடற்பயிற்சி முடிந்து ஒரு நாள் வரையிலும்கூட அதன் பயன் நீடிக்கும். ஆக, அப்பாவை உட்கார வைத்த ஒவ்வொரு முறையும், மருந்தில்லாமல் திறக்கக்கூடிய ஒரு கதவை நாங்களே சாத்தியிருக்கிறோம்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம். நம்மில் பலர் வீட்டில் சர்க்கரை அளவை எழுதி வைக்கும் புத்தகம் இருக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதை யாராவது எழுதி வைக்கிறோமா?

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நடை மட்டும் போதாது. தசைக்குச் சுமையும் வேண்டும். நோயாளியைக் கசக்கச் சொல்லவில்லை. இன்சுலின் போடுபவர்களும், பாதத்தில் புண்ணோ கண்ணில் பாதிப்போ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். சர்க்கரை திடீரென இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இப்போது அப்பா காலையும் மாலையும் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன். படிகளை மீண்டும் முழுதாக ஏறுவாரா என்பது தெரியாது. சந்தையிலிருந்து வரும்போது பையை மட்டும் அவரே தூக்கி வருகிறார்.

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அப்பா அம்மாவின் கையிலிருந்து பையைப் பிடுங்காதீர்கள். கூடவே நடந்து வாருங்கள்.